தையலுக்கு எப்போது பட்டம் வந்தது?

போன வருஷம் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அகமதாபாத் குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இரண்டாவது காபியோடு உட்கார்ந்திருந்தேன். மகள் லேப்டாப்பைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். நிஃப்ட் நுழைவுத் தேர்வுக்கான விண்ணப்பம். எல்லாவற்றையும் அவளே நிரப்பிவிட்டாள், பணம் கட்டுவதற்கு மட்டும் அப்பா. (அதற்குத்தானே அப்பா!)

எந்தப் படிப்பு என்ற இடத்தில் பி.எஃப்.டெக்., அப்பேரல் புரொடக்‌ஷன் என்று இருந்தது. கணக்கிலும் இயற்பியலிலும் நல்ல மார்க் வாங்குகிற பெண். எஞ்சினியரிங்தான் போவாள் என்று நானும் தங்கமணியும் மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தோம்.

"இது டெய்லரிங்தானே?" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

"அப்பா, நீங்களே இப்படிக் கேக்கலாமா?" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. நான் ஒரு டெய்லரின் மகன்.

கோவில்பட்டியில் அப்பா 1974-ல் தையல் கடை வைத்தார். இரண்டு மெஷின், ஒரு கட்டிங் டேபிள், காஜா எடுக்க ஒரு பையன். அந்தக் கடை வருமானத்தில்தான் நான் பி.காம். படித்தேன், பேங்க் பரீட்சை எழுதினேன், இன்று குஜராத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்று சாயங்காலம் அவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார்.

"எலே, உன்னைய இந்த மெஷின்ல உக்கார வைக்கக் கூடாதுன்னுதான் பி.காம். படிக்க வச்சேன். நீ அவளக் கொண்டு போயி உக்கார வைக்கியா? அதுக்கு ஒரு காலேஜ் வேறயா?"

என்னிடம் பதில் இல்லை. காசு கட்டிவிட்டேன், ஆனால் கேள்வி போகவில்லை. தையலுக்கு எப்போது காலேஜ் வந்தது? யார் கொண்டு வந்தார்கள், எதற்கு? சில மாதங்களாகக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். நம்மைப் போல வெளியூரில் இருந்துகொண்டு பிளஸ் டூ பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று தோன்றியதால் இந்தப் பதிவு.

முதலில் நான் இருக்கிற ஊரிலிருந்தே தொடங்குகிறேன். அகமதாபாத்தில் ரண்சோட்லால் சோட்டாலால் என்பவர் ஆரம்பித்த முதல் பஞ்சாலை 1861-ல் ஓடத் தொடங்கியது. பிறகு அறுபதுக்கும் மேற்பட்ட மில்கள் வந்தன. காந்தி 1918-ல் உண்ணாவிரதம் இருந்து 35 சதவீதக் கூலி உயர்வு கேட்ட மில் தொழிலாளர் போராட்டம் இங்கேதான் நடந்தது. மணிநகர் பக்கம் போனால் இன்றும் தமிழ்க் குரல் கேட்கும். மில் வேலைக்காகத் தலைமுறைகளுக்கு முன் வந்த குடும்பங்கள் அங்கே நிறைய. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மில்கள் வரிசையாக மூடப்பட்டன. ஆட்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

இத்தனை மில் இருந்தால் அதை நடத்தப் படித்த ஆள் வேண்டும் அல்லவா? அதனால் ஜவுளிப் படிப்பு நம் நாட்டுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. பம்பாயில் 1887-ல் தொடங்கிய விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்லூரி (இன்றைய வி.ஜே.டி.ஐ.) பம்பாய் மில்களுக்கு ஆள் தயார் செய்வதற்காகவே வந்தது என்று சொல்லலாம். வங்காளத்தில் செராம்பூரில் 1908-ல் ஜவுளிக் கல்லூரி வந்தது. சென்னையில் 1944-ல் தொடங்கிய அழகப்ப செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியிலும் ஜவுளித் தொழில்நுட்பம் உண்டு. அகமதாபாத் மில்காரர்கள் 1947-ல் அட்டிரா என்று ஒரு ஆராய்ச்சி நிலையமே வைத்தார்கள். அதை முதலில் நடத்தியவர் விக்ரம் சாராபாய். ஆமாம், பிற்காலத்தில் ராக்கெட் விட்ட அதே சாராபாய்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கல்லூரிகள் எல்லாம் என்ன சொல்லிக் கொடுத்தன? பஞ்சை நூலாக்குவது, நூலைத் துணியாக்குவது, துணிக்குச் சாயம் ஏற்றுவது. அதோடு படிப்பு முடிந்துவிடும். துணி மில் வாசலைத் தாண்டி வெளியே வந்த பிறகு அதை வெட்டித் தைத்து சட்டையாக்குவது படிப்பாகக் கருதப்படவில்லை. துணி நெய்ய பட்டம் உண்டு, தைக்கப் பட்டம் இல்லை.

காரணம் தெரிந்ததுதான். நாம் துணியை மீட்டர் கணக்கில் வாங்கித் தைக்கக் கொடுக்கிற ஜனங்கள். பெண்களுக்குப் புடவை, ஆண்களுக்கு வேட்டி, இரண்டுக்குமே தையல் வேண்டாம். தையல் வேண்டிய ரவிக்கை, சட்டை, பேன்ட் எல்லாம் தெருமுனைக் கடையில் ஆகிவிடும். தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னால் துணியைக் கொடுத்துவிட்டு, தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி பதினோரு மணிக்குக் கடை வாசலில் காத்துக் கிடந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நான் அந்தக் கடைக்கு உள்ளே உட்கார்ந்து பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன் :-)

வடக்கே தையல் தர்ஜி வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பனிடமிருந்து வரும் தொழில். நம் பக்கம் கடையில் காஜா பையனாகச் சேர்ந்து, நாலைந்து வருஷம் கழித்து மெஷினில் உட்கார்ந்து, அதற்கப்புறம் கத்திரிக்கோலைத் தொடலாம். அப்பா அப்படித்தான் கற்றுக்கொண்டார். கத்திரிக்கோல் கைக்கு வர ஏழு வருஷம் ஆனது என்பார். எம்.பி.பி.எஸ். கூட அத்தனை வருஷம் இல்லை.

படிப்பு என்ற பெயரில் தையல் நுழைந்த இடங்கள் இரண்டு. ஒன்று, பெண்கள் கல்லூரிகளின் மனையியல். தில்லியில் லேடி இர்வின் கல்லூரி 1932-ல் வந்தது. கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957-ல். அங்கே உணவு, குழந்தை வளர்ப்பு இவற்றோடு துணியும் உடையும் ஒரு பாடம். நல்ல குடும்பத் தலைவிக்குத் தெரிந்திருக்க வேண்டியது என்கிற கணக்கில் வந்தது. இரண்டாவது, அரசாங்கத்தின் டெக்னிக்கல் பரீட்சை. லோயர், ஹையர் எழுதிப் பாஸ் செய்தால் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் ஆகலாம். இரண்டுமே மரியாதையான வழிகள்தான். ஆனால் ஒரு நாளைக்கு ஐயாயிரம் சட்டை தைக்கிற தொழிற்சாலையை நடத்தக் கற்றுக் கொடுக்கிற இடம் எதுவும் இல்லை. அப்படி ஒரு தொழிற்சாலையே அநேகமாக இல்லாதபோது படிப்பு எங்கிருந்து வரும்?

நடுவில் அகமதாபாத்தில் ஒரு முக்கியமான காரியம் நடந்தது. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியை இந்திய அரசு அழைத்தது. அவர்கள் நாட்டைச் சுற்றிப் பார்த்து 1958-ல் ஒரு அறிக்கை கொடுத்தார்கள். நம் வீட்டுச் செம்பை, அதாவது லோட்டாவை, உதாரணமாக எடுத்துக்கொண்டு, யாரோ ஒருவர் உட்கார்ந்து வரையாமல் தலைமுறை தலைமுறையாகப் பலர் கைப்பட்டு உருவான நல்ல பொருள் அது என்று வியந்திருப்பார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961-ல் பால்டியில், சபர்மதி ஓரத்தில், என்.ஐ.டி. வந்தது. அங்கே ஜவுளி வடிவமைப்பு முக்கியமான துறையாக வளர்ந்தது. ஆனால் அங்கும் துணியின் மேல் என்ன நெய்யலாம், என்ன அச்சிடலாம் என்பதில்தான் முதல் கவனம். உடைக்கென்று தனிப் படிப்பு அங்கே வர நெடுங்காலம் ஆயிற்று.

நிற்க. இனிமேல்தான் என்னைப் போன்ற பி.காம். ஆசாமிக்குப் பிடித்த பகுதி.

அறுபதுகள், எழுபதுகளில் ஆசிய நாடுகளிலிருந்து மலிவான உடைகள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்க் குவிந்தன. அந்த நாட்டு ஆலைகள் தாங்க முடியாமல் கத்தின. விளைவு, 1974-ல் நடைமுறைக்கு வந்த மல்ட்டி ஃபைபர் அரேஞ்ச்மென்ட் என்ற ஒப்பந்தம். இந்த நாட்டிலிருந்து இந்த வகைச் சட்டை வருஷத்துக்கு இத்தனைதான் வரலாம் என்று வரம்பு. அதுதான் கோட்டா. (அப்பா கடை திறந்த அதே வருஷம். அவருக்கும் அது தெரியாது, ஒப்பந்தம் போட்டவர்களுக்கும் அப்பாவைத் தெரியாது.)

கோட்டா என்றால் ஏற்றுமதியை நசுக்குவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாதிதான் உண்மை. சிறிய நாட்டுக்கும் ஒரு பங்கு எழுதி வைக்கப்பட்டிருந்ததால், போட்டியில் தோற்றிருக்கக் கூடியவர்களுக்கும் ஒரு இடம் கிடைத்தது. இந்தியாவில் ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம் 1978-ல் வந்தது. கோட்டாவை ஏற்றுமதியாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலை அதனிடம் இருந்தது. சிலர் தைக்காமலேயே தங்கள் கோட்டாவை விற்றுச் சம்பாதித்த கதையும் உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிகள் வெளிநாட்டுச் சந்தையைப் பிடித்ததும் எழுபதுகளின் கடைசியிலிருந்துதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். வரம்பு எண்ணிக்கைக்குத்தான், விலைக்கு இல்லை. வருஷத்துக்கு ஒரு லட்சம் சட்டைதான் அனுப்ப முடியும் என்றால் வருமானத்தைக் கூட்ட என்ன வழி? ஒரு சட்டைக்குக் கிடைக்கும் விலையைக் கூட்ட வேண்டும். விலை கூட வேண்டுமென்றால் வெட்டு, வடிவம், முடிப்பு, நியூயார்க் கடைக்காரன் அடுத்த கோடைக்கு என்ன கேட்பான் என்கிற தகவல், இதெல்லாம் வேண்டும். நம்மிடம் கைத்திறன் இருந்தது. இந்தத் தகவலும் அளவு ஒழுங்கும் தெரிந்த ஆட்கள் இல்லை.

நிஃப்ட் 1986-ல் தில்லியில் தொடங்கியது இந்தச் சூழ்நிலையில்தான். அதைத் தொடங்கியது கல்வி அமைச்சகம் இல்லை, ஜவுளி அமைச்சகம். நியூயார்க்கில் 1944-லிருந்து நடந்து வரும் ஃபேஷன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி பாடத்திட்டத்துக்குக் கைகொடுத்தது. டி.வி.யில் பூனை நடை நடக்கும் பெண்களைப் பார்த்து, நிஃப்ட் என்றால் அதற்குத்தான் என்று நாம் நினைத்துக்கொண்டோம். ஆனால் ஆரம்ப வருஷங்களிலேயே ஃபேஷன் டிசைனோடு கூட கார்மென்ட் மேனுஃபாக்சரிங் டெக்னாலஜி என்று ஒரு படிப்பும் அங்கே இருந்தது. டாலர் சம்பாதிக்க ஒரு ஏற்பாடாகத்தான் நாட்டில் தையல் படிப்பு பிறந்தது. இது குறையில்லை. தேவை வந்ததும் படிப்பு வருவது போலத்தான் இதுவும்.

சென்னை தரமணி, இங்கே பக்கத்தில் காந்திநகர், ஹைதராபாத், மும்பை, கல்கத்தா என்று 1995-ல் நிஃப்ட் பரவியது. திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் நிஃப்டோடு சேர்ந்து பின்னலாடைக்கென்று 1997-ல் ஒரு கல்லூரி ஆரம்பித்தது. கோவைப் பக்கத்துக் கல்லூரிகளில் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன், பி.டெக். ஃபேஷன் டெக்னாலஜி எல்லாம் வந்தன. ஆனாலும் நிஃப்ட் கொடுத்தது ரொம்ப காலம் டிப்ளமோதான். பாராளுமன்றம் 2006-ல் நிஃப்ட் சட்டம் கொண்டு வந்த பிறகுதான் பட்டம் கொடுக்கும் அதிகாரம் அதற்கு வந்தது. என்.ஐ.டி.க்கு அதுவும் 2014-ல்தான். பம்பாயில் நெசவுக்குக் கல்லூரி வந்து 119 வருஷம் கழித்து நிஃப்டுக்குப் பட்டம். அப்பா கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இதுதான்.

மீதிப் பாதி, அங்கே என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பது. மகள் இப்போது முதல் வருஷம் முடித்துவிட்டாள். (ஆமாம், கிடைத்துவிட்டது, காந்திநகர்தான்.) அவள் பாடத்தைக் கேட்கக் கேட்க எனக்குக் காஸ்ட் அக்கவுண்டிங் ஞாபகம்தான் வருகிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு சட்டையைக் காலர், கை, கஃப், பாக்கெட் என்று சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று அளக்கிறார்கள். எல்லாம் கூட்டி 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரிசையில் 30 பேர், ஆளுக்கு 480 நிமிடம், மொத்தம் 14,400 நிமிடம். கணக்குப்படி ஒரு நாளைக்கு 720 சட்டை வர வேண்டும். நிஜத்தில் வராது. நூல் அறும், துணி வராது, காலர் வைக்கிற இடத்தில் மூட்டை மூட்டையாகத் தேங்கும், அதற்கு அடுத்த ஆள் சும்மா உட்கார்ந்திருப்பார். பாதித் திறனில் ஓடினால் 360 சட்டைதான். அந்தத் தேக்கம் எங்கே என்று கண்டுபிடித்து 60 சதவீதத்துக்குக் கொண்டு வந்தால் 432. அதே ஆட்கள், அதே கூலி, அதே கரண்ட் பில், தினமும் 72 சட்டை கூடுதல். மாதம் 25 நாள் வைத்தால் 1,800. பேங்கில் ஒரு யூனிட்டுக்குக் கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்பதே சில சமயம் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

துணியை வெட்டுவதும் அப்படியே. ஒரு உடுப்பின் செலவில் பெரும்பங்கு துணிக்குத்தான் போகிறது. பதினாயிரம் சட்டைக்கு, ஒன்றுக்கு 1.6 மீட்டர் வீதம், 16,000 மீட்டர் துணி. துண்டுகளைக் கொஞ்சம் நெருக்கி அடுக்கி 2 சதவீதம் மிச்சம் பிடித்தால் 320 மீட்டர். 200 சட்டைக்கான துணி சும்மா கிடைத்த மாதிரி. இந்த அடுக்கல் இன்று கம்ப்யூட்டரில் நடக்கிறது. அப்பாவும் இதைச் செய்திருக்கிறார். ரெண்டு மீட்டர் துணியில் அப்பனுக்கும் பிள்ளைக்கும் சட்டை எடுத்துக் கொடுப்பார். பெயர் தெரியாமல் செய்தார், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் என் தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். மாதிரிக் கல்விக் கடன் திட்டம் 2001-ல் வந்தது. அப்போதைய விதிப்படி நாலு லட்சம் வரை அடமானம் வேண்டியதில்லை. அதில் கடன் தரக்கூடிய படிப்புகளின் பட்டியலில் ஐ.ஐ.எம். போன்ற பெயர்களோடு நிஃப்ட் பெயரும் இருக்கும். அந்தச் சுற்றறிக்கையை எத்தனை தடவை படித்திருப்பேன்! இருந்தும், 2010-ல் நான் வேறொரு ஊரில் கடன் பிரிவில் இருந்தபோது, ஒரு தையல்காரர் தன் பெண்ணோடு வந்தார். சீட் கிடைத்துவிட்டது, கடன் வேண்டும். நான் காகிதத்தைப் புரட்டிக்கொண்டே ஹிந்தியில் சொன்னேன், "தையலை நீங்களே வீட்டில் சொல்லிக் கொடுத்துவிடலாமே, இதற்கு ஏன் நாலு லட்சம்?" வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கடன் விதிப்படி கிடைத்துவிட்டது. ஆனால் அவர் எதிரே ஒரு அதிகாரி உட்கார்ந்து சொன்ன வார்த்தை அது. அந்த அதிகாரியும் ஒரு தையல்காரர் மகன்தான் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். பதினாலு வருஷம் கழித்து என் வீட்டு ஹாலில் என் மகளிடம் அதே வார்த்தை வந்தபோதுதான், இது வேடிக்கை இல்லை, எனக்குள்ளே இருந்த வெட்கம் என்று புரிந்தது.

அப்பாவின் கடைக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லையே. கோட்டா 1995-லிருந்து படிப்படியாகத் தளர்ந்து 2005 ஜனவரி 1-ல் முழுசாகப் போனது. இன்னொரு பக்கம், ஆயத்த உடை தைப்பது நம் நாட்டில் ரொம்ப காலம் சிறு தொழிலுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. 2000-ல் வந்த ஜவுளிக் கொள்கைக்குப் பிறகு அந்த வேலியும் விலகியது. பெரிய கம்பெனிகள் பெரிய தொழிற்சாலை போட்டன. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியதும், சின்னக் குறை என்று வாங்குபவர் தள்ளியதும் ஊர் ஊராக வந்து பிளாட்பாரத்தில் குவிந்தன. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சட்டை என்ன விலைக்குக் கிடைத்ததோ, அது அப்பாவின் தையல் கூலியை விடக் கம்மி. துணிக் காசைச் சேர்க்கவே வேண்டாம். முதலில் சட்டை நின்றது. பிறகு பேன்ட். கடைசி சில வருஷம், ரெடிமேட் பேன்ட்டின் காலைக் குறைத்துக் கொடுப்பதும் ஜிப் மாற்றுவதும்தான் வேலை. 2011-ல் கடையை மூடினார். மெஷின்களை விற்றுவிட்டார்.

எந்தத் தொழில் அவர் கடையை மூட வைத்ததோ, அந்தத் தொழிலை நடத்தத்தான் பேத்தி படிக்கிறாள். இதை நான் அவரிடம் விளக்க முயன்றதில்லை. அவருக்குத் தெரியாததும் இல்லை.

இந்தக் கோடையில் அப்பா இங்கே வந்து ஒரு மாதம் இருந்தார். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் மகள் சட்டைக்குப் பேட்டர்ன் வரைந்துகொண்டிருந்தாள். காகிதம், ஸ்கேல், வளைவு ஸ்கேல், அழி ரப்பர். அப்பா கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தார். அப்புறம் பென்சிலை வாங்கி, கைக்குழி வளைவை ஒரே இழுப்பில் போட்டார். அவள் மேலே ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். பெரிய வித்தியாசம் இல்லை.

"எப்படி தாத்தா?"

"மார்ப நாலாப் பிரிச்சிக்கோ. மிச்சத்த ஆளப் பாத்துப் போடணும். கூனு இருக்கா, தொந்தி இருக்கா, ஒரு தோளு எறங்கியிருக்கா. மெஷினு ஆளப் பாக்குமா?"

"ஆளைப் பாக்காமத் தைக்கறதுதான் தாத்தா எங்க படிப்பே. நாங்க தைக்கற சட்டையை யார் போடுவாங்கன்னே எங்களுக்குத் தெரியாது."

பிறகு அவள் ஒரு விஷயம் சொன்னாள், எனக்கும் புதிது. கடையில் நாம் வாங்கும் 38, 40, எம், எல் எல்லாம் எந்த உடம்பின் அளவு? அமெரிக்காவில் முப்பதுகளின் கடைசியில் விவசாயத் துறை சுமார் 15,000 பெண்களை அளந்து 1941-ல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. நமக்கென்று அப்படி ஒரு பொது அளவுப் பட்டியல் இல்லாமலேயே பல வருஷம் ஓட்டினோம். பெரும்பாலும் வெளிநாட்டு அளவையே கொஞ்சம் திருத்திக்கொண்டார்கள். அதனால்தான் ஒரு கம்பெனியில் எல் சரியாக இருக்கும், இன்னொன்றில் எக்ஸ்எல்லும் இறுக்கிப் பிடிக்கும். (தப்பு முழுக்க என் தொந்தி மேல் இல்லை என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி.) இந்தக் குறையைத் தீர்க்க நிஃப்ட் எடுத்துக்கொண்டதுதான் இந்தியாசைஸ் திட்டம். ஆறு நகரங்களில் 25,000 பேரின் உடம்பை முப்பரிமாண ஸ்கேனரில் அளப்பது என்று திட்டம்.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். "அளவா?" என்றார். "நோட்டு எல்லாம் பரண்லதான் கெடக்கு."

அளவு நோட்டு! கடையை மூடியபோது மெஷின் போனது, டேபிள் போனது, அந்த நோட்டுகளை மட்டும் அவர் போடவில்லை. 1974-லிருந்து 2011 வரை, நீள நோட்டுகள், மொத்தம் முப்பத்தொன்று. பெயர், தேதி, உயரம், மார்பு, இடுப்பு, தோள், கை, கழுத்து. ஊருக்குப் போன தங்கமணியின் தம்பி ஒரு அட்டைப் பெட்டியில் கட்டி அனுப்பி வைத்தான்.

மகள் இப்போது லீவு நாட்களில் அதை எக்ஸெலில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். பெயர்களை விட்டுவிட்டு எண்களை மட்டும். கோவில்பட்டி ஆண்களின் தோளும் மார்பும் முப்பத்தேழு வருஷத்தில் எப்படி மாறியது என்று பார்க்கப் போகிறாளாம். இது ஆராய்ச்சி ஆகுமா ஆகாதா என்று அவளுடைய ஆசிரியர்கள்தான் சொல்ல வேண்டும். நான் படித்துப் பார்த்தது வேறு. ஒரு வாத்தியாரின் மார்பளவு 1976-ல் 32. கல்யாணத்துக்கு எடுத்தது. பிறகு 34, 36, 38. ரிட்டயர் ஆன வருஷம் 40. அதற்கப்புறம் ஒரு தடவை 36. அதோடு அவர் பெயர் வரவில்லை. அப்பாவிடம் கேட்டேன். "சுகர் வந்து இளைச்சுப் போனாரு" என்றார். நோட்டைப் பார்க்காமலே சொன்னார்.

கடைசியாக, இந்தப் படிப்பை யோசிக்கும் பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. டிசைன் படிப்பும் கார்மென்ட் டெக்னாலஜியும் வேறு வேறு. நிஃப்டில் பி.டெஸ். படிக்கப் பிளஸ் டூவில் எந்தப் பிரிவும் போதும், வரையவும் செய்து காட்டவும் தெரிய வேண்டும். பி.எஃப்.டெக்.குக்குப் பிளஸ் டூவில் கணக்கு வேண்டும். படம் நன்றாக வரைகிறாள் என்று பி.எஃப்.டெக்.கில் சேர்க்காதீர்கள், கணக்கு நன்றாக வருகிறது என்று பி.டெஸ்.ஸிலும் சேர்க்காதீர்கள். தெருவுக்குத் தெரு ஃபேஷன் என்ற பெயரில் போர்டு இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன், பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகம் எது, அங்கே எத்தனை மெஷின் ஓடுகிறது, எந்தத் தொழிற்சாலையில் பயிற்சி என்று நேரில் போய்ப் பாருங்கள். கடன் அதிகாரி உங்களைக் கிண்டல் செய்தால் சுற்றறிக்கையைப் படிக்கச் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லலாம்.

அப்பா ஊருக்குக் கிளம்பிய அன்று, பெட்டியில் துணியோடு துணியாகச் சுற்றி வைத்திருந்த கத்திரிக்கோலை எடுத்து அவளிடம் கொடுத்தார். பத்து அங்குலம், கைப்பிடி தேய்ந்து பளபளவென்று இருக்கும். விற்றுவிட்டார் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைத் தொடவே விட்டதில்லை அதை.

"காகிதம் வெட்டிராத. மொனை போயிரும்" என்றார்.

காலேஜுக்கு எதற்கு என்று அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.